வாய்ச்சொல் செல்லாத கல்லூரி

என் மூத்த மகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் கல்லூரிக்காரர்கள் மேல் கோபம்தான் முதலில் வருகிறது. வரட்டும், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கிளீனராக ஏறிய லாரியையே பின்னால் விலைக்கு வாங்கினேன். இன்று என் ஷெட்டில் வண்டி நிறுத்த இடம் போதவில்லை. எல்லாம் என் வாய்ச்சொல்லால் நடந்தது. சரக்கை ஏற்று என்றால் ஏற்றுவார்கள். கூலி சாயங்காலம் என்றால் சாயங்காலம் கைக்குப் போய்விடும். என் ஷெட்டில் யாரும் யாரிடமும் கையெழுத்துக் கேட்டதில்லை. கேட்டால் அது அவமானம்.

அந்த ஷெட்டின் மேசையில்தான் மகள் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் எங்கே தூங்குகிறான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. டிரைவர்கள் வைத்த பெயர் 'கன்ட்ரோல் ரூம்'. பக்கத்து ஷெட்காரனின் கம்ப்யூட்டரை எவனோ எங்கிருந்தோ பூட்டிவிட்டுப் பணம் கேட்டான். ஒரு வாரம் லோடு அனுப்ப முடியாமல் அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் இவளுக்குக் கிறுக்குப் பிடித்தது. நாற்பத்திரண்டு வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். கம்ப்யூட்டரும் சைபர் பாதுகாப்பும் படிப்பாம். முதல் நாள் இவளை டீச்சர் என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றதாம். "உட்காருங்கப்பா, நானும் உங்க கூட்டம்தான்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படிப்பு முடிய ஒரு வேலைதான் பாக்கி. நிஜமான ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டருக்குள் திருடன் மாதிரி நுழைந்து, ஓட்டை எங்கே என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாளியின் அனுமதி வேண்டும். என்னிடம் தாளை நீட்டினாள். மகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற அப்பனா நான்? "உன் ஷெட்டு, உன் கம்ப்யூட்டர். போய்ப் பாரும்மா" என்றேன். தாளை மடித்து வைத்துக்கொண்டாள். என் ஷெட்டில் வளர்ந்தவள்; மறுபடி கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பியது போல ஒரு போலி மெயிலைத் தட்டிவிட்டாள். டிரைவர்கள் யாரும் சீந்தவில்லை. ஷெட்டின் மேனேஜரான என் மாப்பிள்ளை, அவள் புருஷனேதான், பாஸ்வேர்டைப் பூப்போல அடித்துக் கொடுத்துவிட்டார். ஷெட் முழுக்க ஒரே பாஸ்வேர்டு, என் முதல் லாரியின் நம்பர். மொத்தமும் திறந்துகொண்டது.

எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அனுமதிக் கடிதம் எங்கே என்றார்கள். இல்லை. அனுமதி இல்லாமல் நுழைந்தது குற்றமாம், விசாரணையாம், படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்களாம். என் மகளை, என் ஷெட்டுக்குள் நுழைந்ததற்கு.

மகளையும் கூட்டிக்கொண்டு நேரே கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவர் நாற்காலி காட்டினார், நான் உட்காரவில்லை. "நான்தான் முதலாளி. நான்தான் பாக்கச் சொன்னேன்" என்றேன். வாய்ச்சொல் செல்லாது ஐயா, முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும் என்றார். என் ஆயுசில் என் முகத்துக்கு நேரே எவனும் சொல்லாத வார்த்தை.

வெளியே வந்ததும் ஆபீஸ் கிளார்க் பின்னாலேயே ஓடிவந்தான். போன மாதத் தேதி போட்டு ஒரு கடிதம் கொடுங்கள், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று காதைக் கடித்தான். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. நான் சொன்ன நிஜம் இங்கே செல்லாது, தேதி மாற்றிய பொய் செல்லும். ஆனாலும் மகள் முகத்தைப் பார்த்தேன். பேனாவை எடுத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. இந்த மாதிரி லெட்டரைக் கண்டுபிடிக்கத்தான் நான் படிக்கிறேன்."

"அப்ப படிச்சதெல்லாம் வீணாப் போகட்டுமா?"

"போனா போகட்டும். திருட்டுத்தனம் பண்ணிப் பாஸாகி, அப்புறம் யார் வீட்டுப் பூட்டுக்கு நான் காவல் இருக்கிறது?"

திரும்பி உள்ளே போனாள். தவறு என்னுடையது, நீக்குவதானால் நீக்குங்கள், இல்லாவிட்டால் முதலிலிருந்து செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நீக்கவில்லை. இன்னும் அரை வருடம் படிக்க வேண்டுமாம். உண்மை பேசியதற்கு அரை வருடம்.

மறுநாள் டிரைவர்கள் எல்லோரும் பார்க்க அந்தத் தாளை என் முன்னால் வைத்தாள். கண்ணாடியைத் தேடிக் கொடுத்து, வரிவரியாக வாசிக்க வைத்தாள். தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டேன்.

"தேதியும் போடுங்கப்பா" என்றாள்.

போட்டேன். அன்றைய தேதி.