இடம் மாறிய பொத்தான்

இணையப் பக்கங்கள் செய்வது மணிமேகலைக்குத் தொழில். பாப்பிரெட்டிப்பட்டி வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். திரைக்குத் தக்கபடி பொத்தான்களை அடுக்கப் பிரவுசருக்கே தெரியும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் நாலு வரி எழுதினால் போதும். இவளுக்குப் போதாது. ஒவ்வொரு அளவையும் ஸ்கிரிப்ட் என்ற நிரல் எழுதித் தானே கணக்குப் போட்டு நிறுத்தினால்தான் தூக்கம் வரும். சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை.

லாரி முதலாளி கவுஸ் பாஷா கேட்டார் என்று, தொப்பூர் கணவாயில் இறங்கும் அவருடைய டிரைவர்களுக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். இரண்டே பொத்தான். பச்சை என்றால் பத்திரமாக இறங்கியாயிற்று. சிவப்பு என்றால் உதவி வேண்டும்; அடிவாரத்து மெக்கானிக்குக்குச் செய்தி போகும். அந்த லாரிகளில் ஒன்றை அவள் தம்பி மாது ஓட்டுகிறான். அவன் கணவாயில் இருக்கும் நேரமெல்லாம் இவளுக்கு வேலை ஓடாது. மாடிக்கும் கீழுக்குமாக நடப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மாதுவிடமிருந்து அவள் திரையில் பச்சை விழுந்தது. அப்பாடா என்று போய்ச் சாப்பிட்டாள். ஒரு மணிக்கு மாது போன் செய்தான்.

"பிரேக்குல பொகை வருதுக்கா. சக்கரத்துக்குக் கல்லு வெச்சு ஓரமா நிக்கிறேன். ரெண்டு மணி நேரமாச்சு, மெக்கானிக்கக் காணோம்."

"நீ பச்சையத்தானடா அமுத்துன?"

"செவப்பத்தாங்க்கா அமுத்துனேன்! செய்தி போயிருச்சுன்னு வந்துச்சே. வர்ற வண்டியெல்லாம் ஒரசிட்டுப் போவுது."

மெக்கானிக்குக்குப் போன் போட்டு உடனே கிளப்பிவிட்டுத் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். நேராகப் பிடித்தால் ஒரு குறையும் இல்லை. டிரைவர்கள் போனைப் படுக்கவைத்துத்தான் ஸ்டேரிங் பக்கத்தில் மாட்டுவார்கள். படுக்கவைத்துத் திறந்தாள். பிரவுசர் முதலில் சிவப்பைக் காட்டியது. அரை நொடியில் அவளுடைய கணக்கு முடிந்து, அதே இடத்துக்குப் பச்சை வந்து நின்றது. மாதுவின் பழைய போனில் இன்னும் தாமதமாகும். அதற்குள் விரல் இறங்கியிருக்கும். எதை அழுத்தினாலும் 'செய்தி போய்விட்டது' என்றுதான் வரும், அதையும் எழுதியவள் இவளே. தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

உடனே கணக்கையெல்லாம் அழித்தாள். அடுக்குகிற வேலை பிரவுசருக்கு. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று காட்டிச் செய்தி அனுப்புவது மட்டும் ஸ்கிரிப்டுக்கு. பத்து நிமிட வேலைதான்.

மறுநாள் காலையில் மாது வந்து சாப்பிட உட்கார்ந்தான். அவனைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"ஆள் வரலைன்னா ஒடனே எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதாடா? ரெண்டு மணி நேரம் அந்த எறக்கத்துல என்னடா பண்ணுன?"

மாது தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"நீ செஞ்சதாச்சேக்கா. தப்பாப் போவாதுன்னு நம்பி ஒக்காந்திருந்தேன்."