சாமி பேரில் ஒரு பாஸ்வேர்டு

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தத் தோட்டத்திலிருந்து எவ்வளவு காய் வந்தது என்ற கணக்கெல்லாம் கடையின் சர்வரில் இருக்கிறது. மலைமேல் உள்ள போடிமெட்டு ஆபீசிலிருந்தும் அதைத் திறக்க வேண்டும் என்பதால் இன்டர்நெட்டில் ஒரு வாசல் வைத்திருந்தோம். வாசல் என்று ஒன்று இருந்தால் தட்டுவதற்கு ஆள் வராமலா இருக்கும்? பேர் தெரியாத ஊர்களிலிருந்து யார் யாரோ இரவு பகல் பாராமல் பாஸ்வேர்டை ஊகித்து அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள்கூட இவ்வளவு விடாமுயற்சியோடு வந்ததில்லை.

சில தடவை தப்பாக அடித்தால் அந்த இன்டர்நெட் முகவரியை அடைத்துவிடும்படி செய்தேன். அவர்கள் தடவைக்கு ஒரு முகவரியிலிருந்து வந்தார்கள். பாஸ்வேர்டோ, முதலாளியின் குலதெய்வத்தின் பேர். கூட ஓர் எண்ணும் கிடையாது. பங்காளிகள் அத்தனை பேருக்கும் தெரிந்த பேர். எவனாவது உள்ளே நுழைந்து கணக்கைப் பூட்டிவிட்டால், காய் அனுப்பிய ஒருவருக்கும் பதில் சொல்ல முடியாது.

"மாத்திருவோம்ணே" என்றேன் முதலாளியிடம்.

"சாமிய மாத்தச் சொல்றியா?"

"பாஸ்வேர்ட மட்டும்ணே. தட்டுறவன் ஊர்ப் பேரு, சாமி பேரு எல்லாத்தையும் மிஷினுக்குச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கான். அது ஒண்ணொண்ணா அடிச்சுப் பாக்கும்."

முதலாளி யோசித்தார். "நம்ம கோயிலு சிலமலையத் தாண்டிக் காட்டுக்குள்ள இருக்கு. ரோடே கெடையாது. அவனுக்கு எப்படித் தெரியும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி தம்பி."



தினமும் காலையில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, ஒற்றை விரலால் அந்தப் பேரை அடித்துத்தான் கணக்கைத் திறப்பார். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் பாஸ்வேர்டு என்ற ஏற்பாட்டையே சர்வரிலிருந்து எடுத்துவிட்டேன். கடையிலும் மலையிலும் உள்ள கம்ப்யூட்டர்களுக்குள் சாவி மாதிரி ஒரு கோப்பை வைத்தேன். அது இருக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் சர்வர் திறக்கும். மற்றவன் எந்தச் சாமியைக் கூப்பிட்டாலும் திறக்காது. முதலாளியின் திரையில் மட்டும், பழையபடி பேர் அடிக்க ஒரு கட்டம் விட்டுவைத்தேன். அதில் எதை அடித்தாலும் திறக்கும். இதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு சீசன் முழுக்க நிம்மதி. அப்புறம் அவர் கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு கடைக்கு வந்தார். எழுத்துச் சரியாகத் தெரியாமல் எதையோ அடித்தார். திறந்துகொண்டது. என்னைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றாமலே திரைப் பக்கம் திரும்பினார். "அப்ப இத்தன நாளா சாமி சும்மாத்தான் உக்காந்திருந்துச்சா?"

திட்டியிருந்தால் தேவலை. "ஆமாண்ணே" என்றேன்.

மறுநாள் அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று வெள்ளனவே போனேன். அவர் எனக்கு முன்னாலேயே வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரையோடு முகத்தை ஒட்டிவைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்துக்கொண்டிருந்தார்.

"அது வேண்டியதில்லண்ணே. சும்மாவே தொறக்கும்."

"தொறக்குறதுக்கு இல்ல தம்பி" என்றார். "வந்துட்டேன்னு சொல்லணும்ல."