ராகு காலத்தில் ஒரு அப்கிரேட்

எங்கள் முதலாளிக்குச் சர்வரும் கல்யாணப் பெண் மாதிரிதான். நாள் பார்க்காமல் அதன்மேல் கை வைக்க விடமாட்டார். மயிலாப்பூரில் ஜாதகம் பொருத்தி வரன் சேர்த்துவைக்கும் இணையதளம் நடத்துகிறவர் வேறெப்படி இருப்பார்? அவருடைய லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான்.

அந்த வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் மகளுக்கு எல்கேஜி இன்டர்வியூ. அப்பா அம்மா இருவரும் வந்தே ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கொட்டிவாக்கத்தில் மீன் வியாபாரம் செய்யும் என் கணவர் அன்று ஏலத்துக்குப் போகவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு காத்திருந்தார். நானும் பதினோரு மணிக்குக் கிளம்ப முன்கூட்டியே பர்மிஷன் வாங்கியிருந்தேன். முதலாளி அதே நாளில்தான் அப்கிரேடுக்கு முகூர்த்தம் குறித்தார்.

லினக்ஸின் கருவான கெர்னலின் பழைய பதிப்புகள் குவிந்து, சர்வர் எழுந்துகொள்ளத் தேவையான பூட் பகுதியில் இடமே இல்லை, முதலில் அதைக் காலி செய்யவேண்டும் என்றேன்.

“அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்மா. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். இப்பவே ஆரம்பிச்சுடு” என்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஆரம்பித்தேன்.

பயந்தபடியே பாதியில் முட்டிக்கொண்டு நின்றது. சில மென்பொருள் பேக்கேஜ் புதுசு, சில பழசு. இணையதளம் படுத்துவிட்டது. பழைய கெர்னலை நீக்கு என்றால், பாதியில் நிற்பதை முதலில் முடி என்கிறது சர்வர். சரி, முடி என்றால், இடமில்லை என்கிறது. எனக்கு வழி தெரியும். உபயோகத்தில் இல்லாத கெர்னல் கோப்புகளைக் கையாலேயே அழித்து இடம் பண்ணினால், மிச்சம் தானாக முடிந்துவிடும். கொஞ்ச நேர வேலை. ஆனால் மணி பத்தரை தாண்டியிருந்தது.

“ராகு காலத்துல அழிக்கறதாவது! பன்னெண்டு மணி வரைக்கும் ஒண்ணையும் தொடாதே.”

“அப்ப நான் ஸ்கூலுக்குப் போயிட்டு வந்துடறேன் சார்.”

“சர்வர் இப்படிக் கெடக்கறச்சே எங்க கெளம்பறே? ஏதாவது ஆச்சுன்னா நாளைலேர்ந்து வரவே வேண்டாம்.”

வீட்டுக் கடன் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. உட்கார்ந்தேன். ஒரு வேலையும் செய்யாமல், கையைக் கட்டிக்கொண்டு, அந்தத் திரையைப் பார்த்தபடி. பதினொன்றே முக்காலுக்குக் கணவர் கூப்பிட்டார்.

“எங்க கீற? நம்ம நம்பர் வந்துச்சு. நீயில்லாம உள்ள வுட மாட்டேன்றாங்க.”

வர முடியாது என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

பன்னிரண்டு அடித்ததும் அழித்தேன், முடித்தேன், சர்வர் எழுந்துகொண்டது. முதலாளிக்கு முகமெல்லாம் பூரிப்பு. “நல்ல நேரத்துல ஆரம்பிச்சதாலதான் தப்பிச்சுது, பாத்தியா?” என்றார்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது மகள் புதுக் கவுனைக் கழற்றவிடாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

“வா, போலாம். நீ வந்தாதான் அந்த மிஸ் என் பேரு கேப்பாங்களாம்.”