சிவப்புக் கோடு போட்ட மரங்கள்

"அது அழகுக்கு அடிச்ச பெயின்ட் இல்லடா தங்கம். எண்ணுற மரம்னு அடையாளம்," என்றார் பூக்காரர், மடியில் கிடந்த பேத்தியிடம்.

பேத்தி ஒன்றும் கேட்கவில்லை. பிறந்து இருபத்தாறு நாள்தான் ஆகிறது. ஒரு கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்து, உலகத்தில் யாருமே இதுவரை கொட்டாவி விட்டதில்லை என்பதுபோல் அவர் பூரித்துப் போனார்.

"அப்பா, அவ எதுவுமே கேக்கல," என்றாள் மகள், கிளினிக் அட்டையைத் தேடிக்கொண்டே.

"கேக்கப்போறா பாரு. முழிக்கிற முழியே அப்படித்தான் இருக்கு."

இன்று குழந்தையை எடை போடக் கொண்டுபோக வேண்டும். போன தடவை எடை கொஞ்சம் குறைவு என்று நர்ஸ் முகத்தைச் சுளித்ததிலிருந்து மகளுக்கு ஒரே கவலை. பூக்காரருக்கு வேறு கவலை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளில் ஒரு எண் இருந்தது. அதை இன்று கம்பெனி மேனேஜர் அம்மாவிடம் கொடுக்க வேண்டும்.

பூக்காரர் பூ விற்கிறவர் இல்லை. மாம்பழம் ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்கு மகசூல் கணித்துச் சொல்கிறவர். மரம் பூக்கும்போது பூங்கொத்துகளை எண்ணுவார். பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வந்ததும் மறுபடி போய் எண்ணுவார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் கண்ணில் பட்ட கொத்து கணக்கில் தப்பாது. பதினைந்து வருஷமாக அண்ணாந்து பார்த்தே கழுத்து பின்பக்கம் சாய்ந்துவிட்டது. தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள், "இந்த ஆளுக்கு என்ன இவ்வளவு திமிரு?" என்று கேட்பார்கள்.

நாற்பது தோப்புகள். தோப்புக்கு மூன்று மரம், அடிமரத்தில் சிவப்புக் கோடு. அந்த மூன்றில் எத்தனை காய் நிற்கிறதோ, அதை வைத்துத்தான் தோப்பு முழுவதற்கும் கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் கம்பெனி வெளிநாட்டு வியாபாரிக்கு வாக்குக் கொடுக்கும், கப்பலில் கன்டெய்னர் பிடிக்கும்.

போன இரண்டு வருஷமும் சொன்ன அளவுக்குப் பழம் வரவில்லை. புயல் என்றார்கள், பூச்சி என்றார்கள். வியாபாரி இந்தத் தடவை நேராகவே சொல்லிவிட்டார்: "மூணாவது தடவையும் குறைஞ்சா நான் வேற நாட்டுல வாங்கிக்கிறேன்." அந்த ஒரு வியாபாரி போனால் பழம் கட்டுகிற கொட்டகையை மூட வேண்டியதுதான். அங்கே அறுபது பெண்கள் வேலை செய்கிறார்கள். பூக்காரரின் மகளும் அதில் ஒருத்தி. பிரசவ லீவு முடிந்து போக வேண்டியவள்.

விஷயம் போன வாரம்தான் வெளியே வந்தது. ஒரு தோப்பில் சிவப்புக் கோட்டு மரத்தடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். செருப்பு சேற்றில் புதைந்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகிறதே, சேறு எங்கிருந்து வந்தது? கோடு போடாத அடுத்த மரத்தடிக்குப் போனார். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"அண்ணே, இந்த மரத்துக்கு மட்டும் தண்ணி விட்டீங்களா?"

"பின்ன? அது உங்க மரமாச்சே!" தோப்புக்காரர் பெருமையாகச் சிரித்தார். "எங்க மரம் காஞ்சா காயட்டும், உங்க மரத்தைக் காய விடுவோமா? குடத்துல சுமந்து ஊத்துறோம். எருவும் அதுக்குத்தான் மொதல்ல."

"யாரு அப்படிச் செய்யச் சொன்னது?"

"நீங்கதான். பெயின்ட் அடிச்ச அன்னைக்கே சொன்னீங்களே, இந்த மரத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு."

சொன்னார்தான். விறகுக்கு வெட்டிவிடப் போகிறார்களே என்று பயந்து, நாற்பது தோப்பிலும் சொல்லியிருந்தார். பூக்காரருக்கு இப்போதுதான் விளங்கியது. மழை ஒழுங்காகப் பெய்த காலத்தில் எல்லா மரமும் ஒன்றுபோல் காய்த்தது, வித்தியாசம் தெரியவில்லை. மழை ஏமாற்ற ஆரம்பித்த பிறகு, குளிரக் குளிர நனைந்த மரத்தை எண்ணி, காய்ந்த தோப்புக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார்.

"இனிமே எல்லா மரத்துக்கும் ஒரே மாதிரி ஊத்துங்கண்ணே."

"நல்லா சொன்னீங்க போங்க! அவ்வளவு தண்ணி இருந்தா நான் ஏன் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுறேன்?"



அடுத்த ஆறு நாளும் சிவப்புக் கோட்டை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு திரும்பி, விரல் நீட்டிய பக்கம் நின்ற மரங்களை எண்ணினார். "வெயில் தலைக்கேறிடுச்சு போல," என்று தோப்பில் சிரித்தார்கள். கோட்டு மரத்தில் நூற்றெண்பது காய் நின்ற இடத்தில் மற்ற மரத்தில் நூறு, நூற்றுப்பத்து. பதினாறு கன்டெய்னர் என்று வர வேண்டிய கணக்கு பத்தில் வந்து நின்றது.

இன்று ஆபீசில் மேனேஜர் அம்மா தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு வருஷமா தப்பா எண்ணியிருக்கீங்க?"

"எண்ணினது சரிதாம்மா. மரம்தான் தப்பு. அந்தத் தப்பும் நான் பண்ணினதுதான்." சேற்றில் செருப்பு புதைந்ததிலிருந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"பத்துன்னு சொன்னா சின்ன கம்பெனின்னு நெனச்சிடுவாங்க. பதிமூணு போடலாமா?"

"எத்தனை வேணாலும் போடுங்கம்மா. காய் பத்துக்குத்தான் நிக்குது."

 அந்த அம்மா போனை எடுத்து வியாபாரியிடம் பேசினார். பூக்காரர் நின்றபடியே கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு மணி நேரம் போலத் தோன்றியது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"பத்தே போதுமாம்," என்றார் அம்மா, போனை வைத்துவிட்டு. "ஆனா பத்தும் முழுசா வரணுமாம். பழம் குறைவுதானே, கொட்டகையை ஒரு மாசம் தள்ளித் தொறக்கலாம். உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

மகளுக்கு ஒரு மாதச் சம்பளம் போச்சு. ஆனால் கொட்டகை இருக்கிறது. வெளியே வந்த பூக்காரர் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தார். மேலே மரம் ஏதும் இல்லை, வெறும் வானம்தான். ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நடந்தது அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது. எடை கூடுதலாகத் தெரியட்டும் என்று மகள், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எழுப்பி வயிறு முட்டப் பால் கொடுக்கப் பார்த்தாள். வாசல் வரை போனவர் திரும்பி வந்து சொன்னார்:

"வேணாம்மா. எப்பவும் குடிக்கிற நேரத்துக்குக் குடிக்கட்டும், இருக்கிறபடியே கொண்டுபோய் எடை போடு. நர்ஸு திட்டினா திட்டட்டும். அப்பதான் புள்ளைக்கு என்ன பத்தலைன்னு நமக்குத் தெரியும்."