நூறடி வயர்

லூஷியஸ் டார்வருக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சிகாகோவுக்கு வந்த பதினாலு வருஷத்தில் ஏழு இசைக்குழுக்களைச் சேர்த்தான், ஏழையும் அம்போவென்று விட்டுவிட்டுப் போனான். குழு கைகூடி வரும், கடையில் நிற்க இடமில்லாமல் கூட்டம் சேரும். அந்த வாரம் பார்த்து, சிகரெட் வாங்கி வருகிறேன் என்று கிளம்புவான். பத்து நாள் கழித்து டெட்ராய்ட்டிலிருந்து கடிதாசி வரும். என்ன ஜென்மமோ.

ஆனால் அவன் கிட்டாரை எடுத்துவிட்டால் திட்டுகிறவனும் வாயை மூடிக்கொள்வான். வாஷ்பேசினுக்கு அடியில் போகிற பித்தளைக் குழாயில் ஒரு துண்டை அறுத்துச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு, அதைக் கம்பிகள்மேல் இழுப்பான். கிட்டார் வாய்விட்டு அழும். வெஸ்ட் சைட் வட்டாரத்தில் அவனுக்கு 'பைப்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்த ஏழு குழுக்களிலும் டிரம்ஸ் வாசித்தவர் ஓடெல் கெய்ன்ஸ். இறைச்சி ஆலையில் வேலை, ஐம்பது தாண்டிய மனுஷர். ஏழு தடவையும் நடுத்தெருவில் நின்றார். எட்டாவது குழுவிலும் சேர்ந்தாரே, அவரைச் சொல்ல வேண்டும்.

எட்டாவது குழுவுக்கு ரூஸ்வெல்ட் ரோட்டில் ஒரு மதுக்கடையில் திங்கட்கிழமைக் காலைக் கச்சேரி. ராத்திரி ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேதான் வருவார்கள். பைப் கிட்டாரில் நூறடி வயரை மாட்டுவான், மறுமுனையை மேடையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் செருகுவான், வாசித்தபடியே வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடுவான். ஆள் வெளியே, சத்தம் உள்ளே. பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கடைக்குள் இழுத்துவர அது நல்ல வித்தைதான். போனவன் திரும்பி வரமாட்டான் என்பதுதான் தொல்லை. ஒரே பாட்டை இருபது நிமிஷம் இழுத்து ஓடெலுக்குத் தோள் கழன்றுபோகும்.

அந்தத் திங்கட்கிழமை ஓடெல் அவனை ஓரமாக அழைத்தார்.

"வியாழக்கிழமை ரெக்கார்டிங்டா. என் ஆயுசுக்கு இது ஒண்ணுதான் வாய்ச்சிருக்கு. இன்னைக்கு வெளிய போனா, பாட்டு மூணு சுத்து வர்றதுக்குள்ள நீ உள்ள வரல, அப்புறம் நீ யாரோ நாங்க யாரோ."

"எங்கண்ணே போயிடப்போறேன்? வயர்ல கட்டித்தான வச்சிருக்கீங்க."

அன்று வீட்டிலிருந்து கிளம்பும்போது அவன் மனைவி வெர்லீனும் இதைப் பற்றித்தான் கேட்டிருந்தாள். "ஏன்யா, வாசப்படியப் பாத்தாலே உன் காலுக்கு என்ன ஆவுது?"

"நல்லா நடக்குதுன்னா பயமா இருக்குடி. பருத்தி அமோகமா வெளஞ்ச வருஷந்தான பண்ணைக்காரங்க எங்கப்பாவ நெலத்த விட்டு வெரட்டினாங்க. யாராவது வெரட்டறதுக்குள்ள நானே கெளம்பிடுறேன்."

அவள் காப்பியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மூன்றாவது பாட்டில் பைப் வெளியே போனான். நல்ல வெயில். நடைபாதையில் நாலு பேர் ஆடினார்கள். பஸ் வந்து நின்று கதவு திறந்தது. இவனுக்கு என்ன தோன்றியதோ, வாசித்துக்கொண்டே படியில் ஒரு காலை வைத்தான். உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள். மூன்று சுற்று எப்போதோ முடிந்திருந்தது.

சட்டென்று கிட்டார் ஊமையாகிவிட்டது. வயர் எங்கோ மாட்டிக்கொண்டது என்று இழுத்தான். அது லேசாக வந்தது, நுனியில் இருந்த பிளக்கோடு. உள்ளே யாரோ பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

கடைக்குள் பாட்டு நிற்கவில்லை. வேறொரு கிட்டார் கேட்டது. மேடை காலியாக இருந்தால் வந்தவன் ஏறி வாசிக்கலாம், அது அங்கே வழக்கம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாசிக்கும் ஹோசியா ஏறியிருந்தான். நன்றாகவே வாசித்தான், பாவி.

"ஏறுறியா, எறங்குறியா?" என்றார் டிரைவர்.

பையில் டிக்கெட்டுக்குச் சில்லறை இருந்தது. ஏழு தடவை போயிருக்கிறான். தான் போன பிறகு அந்த இடம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூட நின்று கேட்டதில்லை. இப்போது கேட்டான். விரட்டுகிறவன் யாரும் அங்கே இல்லை, தானே தன்னை விரட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது.

படியிலிருந்து காலை எடுத்தான். வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே உள்ளே வந்தான். கூட்டம் வழிவிட்டது.

ஓடெல் நிமிர்ந்து பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தார். "யாரு நீ?"

"கிட்டார் வாசிக்கிறவன்ணே. எடம் இருக்குமா?"

ஆம்ப்ளிஃபயரில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஹோசியா முழங்காலை நகர்த்தி இரண்டாவதைக் காட்டினான். ஓடெல் பக்கத்தில் கிடந்த குட்டி வயர் ஒன்றைக் காலால் தள்ளினார்.

"இது நாலு முழந்தான். இதுக்குள்ள இருப்பேன்னா உக்காரு."

நூறடி வயரை மேடைக்கு அடியில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். உடம்பெல்லாம் வேர்த்தது. வாசல் திறந்தே கிடந்தது. பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.

அந்தக் குழுவில் இருபத்தொரு வருஷம் இருந்தான்.

வியாழக்கிழமை பதிவான இசைத்தட்டில் பாட்டுக்கு அடியில் டக் டக்கென்று ஒரு தட்டல் கேட்கும். தாளத்தில் என்ன ஒரு தவிப்பு என்று எல்லோரும் ஓடெலைப் பாராட்டுவார்கள்.

"அது நான் இல்லப்பா," என்பார் ஓடெல். "கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான், அவன் காலு."