ஏரிக்குள் இறங்கும் யாளி

கல்வராயன் மலையடிவார ஏரியின் நடுவில், நான் வேடிக்கை பார்க்க ஏறிவந்த பரிசல் நிற்கிறது. கோயில் திருப்பணியில் கழித்துப்போட்ட சுதைச் சிலைகளை, இங்கே மீன்பிடிக்கும் மல்லிகா தண்ணீருக்குள் இறக்கிவருகிறார். சிலைகளில் மீன் குடியேறுகிறது. திருட்டுத்தனமாக ஏரியை வாரவரும் வெளியூர்க்காரர்களின் இழுவலை அவற்றில் மாட்டிக் கிழிகிறது.

முகத்தை நீரில் அமிழ்த்திப் பார்க்கிறேன். முன்கை உடைந்த துவாரபாலகரின் கக்கத்தில் கெண்டைக் கூட்டம்.

"இதுக்கு மூணு இலாகா அனுமதி வேணுமேம்மா" என்கிறேன். அத்தகைய கோப்புகளை முப்பது வருடம் உறங்கவைத்தவன் நான்.

"மனு குடுத்தேங்க. பதில் வர்றதுக்குள்ள குஞ்சு மீனெல்லாம் வாரிக்கினு பூட்டாங்க. நீங்க இன்னா, ஆபீசருங்களா?"

"ரிடையர்டு."

"அப்ப சும்மாதான இருக்கீங்க, இந்த யாளி வாலப் புடிங்க."

பிடித்துத் தள்ளுகிறேன். யாளி மூழ்குகிறது. கரையில் இன்னொரு சிலை கிடக்கிறது. பரிசலை அங்கே திருப்பச் சொல்கிறேன்.