சீட்டு வேண்டாம் என்றேன்

என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டேதான் வந்து இறங்கினார். பினாங்கிலிருந்து ஏழு நாள் கப்பல், நாகப்பட்டினத்திலிருந்து காரைக்குடிக்கு ரயில், அங்கிருந்து மாட்டுவண்டியில் சாக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அறுபதுகளின் கடைசி அது. வண்டியை விட்டு இறங்கியவர் பெட்டியைக்கூட எடுக்காமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினார். என்னவென்று கேட்டேன். மரத்தூள், பட்டறையில் எல்லாருக்கும் உள்ளதுதான் என்றார். நானும் நம்பினேன்.

அவர் தச்சு வேலைக்காரர். பதினைந்து வயதில் தாய்மாமன் கூடப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஒரு சீனருடைய பட்டறையில் அலமாரி, கட்டில் செய்கிற வேலை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் ஊருக்கு வந்தது அது மூன்றாவது தடவை. எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அப்பா என்று கூப்பிடவே அவளுக்கு நாலு நாள் ஆனது. உண்மையைச் சொன்னால் அவர் குடியிருப்பு அங்கே, இங்கே விருந்தாளி.

அங்கே அவரிடம் இருந்தது சிவப்பு அட்டை. குடியுரிமை வாங்கியவர்களுக்கு நீல அட்டை. நீல அட்டைக்கு மலாய்ப் பரீட்சை இருக்கிறது, பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். எதையும் தள்ளிப்போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சிவப்பு அட்டைக்காரர் ஊருக்கு வந்தால், பெர்மிட்டில் குறித்த தேதிக்குள் திரும்பிவிட வேண்டும். தேதி தப்பினால் அட்டை போச்சு, அட்டை போனால் பிழைப்பும் போச்சு. அந்த வருஷங்களில் அங்கே கெடுபிடி கூடிக்கொண்டே வந்தது. இருபது முப்பது வருஷம் இருந்தவர்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னையும் மகளையும் அழைத்துக்கொள்ள அவர் அங்கே மனுப் போட்டிருந்தார். அதற்கு அவர் அட்டை உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு அந்த ஊர் வேண்டியிருந்தது. மாமியார், ஓரகத்தி, மூன்று கொழுந்தன்மார் என்று எட்டுப் பேருக்கு உலை வைத்து ஏழு வருஷம் ஓட்டியிருந்தேன். புருஷனோடு ஒரு அறையில், ஒரு அடுப்பு வைத்துக்கொண்டு வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நடந்ததற்கெல்லாம் அந்த ஆசைதான் மூலம்.

வந்த மூன்றாம் வாரம் துண்டில் ரத்தம் பார்த்தேன். அவர் மடித்து ஒளித்து வைத்திருந்ததைத் துவைக்க எடுத்தபோது கண்ணில் பட்டது. கேட்டதற்கு, நாளைக்குக் காரைக்குடி தர்மாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்.

தர்மாஸ்பத்திரி என்றுதான் அரசாங்க ஆஸ்பத்திரியை நாங்கள் சொல்வோம். மருந்துத் தண்ணீருக்குப் போத்தலை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். வரிசையில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர் அத்தனை பேரும் நிற்பார்கள். பேரையும் ஊரையும் உரக்கக் கேட்டுத்தான் எழுதுவார்கள். அக்கரையிலிருந்து வந்தவர் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கென்று ஒரு நடை உண்டு. பார்க்க வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோடாலித் தைலமாவது, ஒரு சோப்புக் கட்டியாவது கொடுத்தனுப்ப வேண்டும். தலைவலி என்றாலும் காரைக்குடியில் பேர்பெற்ற டாக்டரிடம் பணம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். கொடுக்காவிட்டால், அங்கே இவன் கூலிக்குத்தான் நிற்கிறான் என்று பேச்சு கிளம்பிவிடும்.

“பினாங்குலேருந்து வந்த மனுஷன் போத்தலத் தூக்கிக்கிட்டு வரிசையில நிப்பீகளா? எனக்கு இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க வேணாமா?” என்றேன்.

அவர் சிரித்தார். “அங்குட்டு நான் போறதே அரசாங்க ஆஸ்பத்திரிதான் புள்ள. அங்குட்டு நல்லா இருக்கது இங்குட்டு கெட்டதாயிருமா?”

உளி பட்டு விரல் பிளந்தபோது அந்த ஆஸ்பத்திரியில்தான் தைத்தார்கள், நுழைவுச் சீட்டுக்கு அந்த ஊர்க் காசு ஒரு வெள்ளி கொடுத்ததோடு சரி, பட்டறை முதலாளியின் சம்சாரத்துக்கே அங்கேதான் பிரசவம் பார்த்தார்கள் என்று கதை கதையாகச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. மறுநாள் பெட்டியில் இருந்த வெள்ளைச் சட்டையைப் போடவைத்து, வாடகைக் காரில் தனியார் டாக்டர் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அந்த டாக்டர் நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து எங்களை உட்காரவைத்து, இது காசநோய், டி.பி. என்று சொல்லுகிறார்களே அதுதான், இப்போது மருந்து இருக்கிறது, பயப்பட வேண்டாம், ஆனால் ஒன்றரை வருஷம் விடாமல் எடுக்க வேண்டும் என்றார். தர்மாஸ்பத்திரியிலும் இதே மருந்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள், கார்டு போட்டு மாதாமாதம் கணக்காகத் தருவார்கள், அங்கே போனாலும் சரி என்றும் சொன்னார். கார்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கப்பல்தான் நினைவுக்கு வந்தது.

அந்த நோய் உள்ளவர்களைப் பினாங்கில் இறங்கவிட மாட்டார்கள், நோயாளிகளுக்கென்று உள்ள ஒரு தீவில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள், அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எல்லாரும் சொன்னார்கள். இங்கே கார்டில் பேர் ஏறினால் அது எப்படியாவது கப்பலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நான் முழுசாக நம்பினேன்.

அவரை ஊசி போடுகிற அறைக்கு அனுப்பிவிட்டு டாக்டரிடம் நான் தனியாகப் பேசினேன். நோட்டில் நோயின் பேரை எழுத வேண்டாம், மருந்தின் பேரையும் எழுத வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும், என் அழுகையைப் பார்த்துவிட்டு, சரி போ என்று நோட்டில் ‘நெஞ்சுச் சளி’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் நாள் தவறாமல் ஊசி. வீட்டில் கேட்டவர்களுக்குச் சத்து ஊசி என்று சொன்னேன். மாத்திரை ஒன்று ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தார், டாக்டர் அதை நிறுத்தி வேறு கொடுத்தார். அதுவும் பிறகு மாறியது. எதற்குப் பதில் எது என்று எங்களுக்கும் தெரியாது. மூன்றாம் மாதம் இருமல் நின்றது. கன்னம் தேறியது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரை வரை போய் வந்தார். நான் கொத்தமங்கலம் கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட்டேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பெர்மிட் தேதி நெருங்கியது. கடைசியாக டாக்டரிடம் போனபோது, மூன்று மாதத்துக்கு மாத்திரையை ஒரு போத்தலில் கொடுத்தார். “ஏம்மா, இது முடிஞ்சதும் அங்க போய்த் தொடரணும். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. இதுவரைக்கும் என்ன குடுத்தேன்னு இப்ப நினைவு இருக்கப்பவே ஒரு சீட்டு எழுதித் தர்றேன். அங்குள்ள ஆஸ்பத்திரியில காட்டணும்” என்றார். என் வீட்டுக்காரர் வெளியே கம்பவுண்டரோடு பேசிக்கொண்டிருந்தார்.

“சீட்டு வேணாம்யா” என்றேன்.

பேனாவைத் திறந்தவர் ஏன் என்று கேட்டார். அங்கே இறங்கும்போது பெட்டியைத் திறந்து சோதிப்பான், சீட்டைப் பார்த்தால் இறங்கவிட மாட்டான், எங்கள் குடும்பமே நடுத்தெருவில் நிற்கும் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

வெளியே வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்ட புருஷனிடம், இந்தப் போத்தல் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னார் என்றேன். கூசாமல் சொன்னேன். தேறிய உடம்புக்கு ஒரு வருஷம் எதற்கு மருந்து, டாக்டர்கள் அப்படித்தான் கூட்டிச் சொல்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மாத்திரைப் போத்தலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே மருந்தின் பேரோடு ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்து அடுப்பில் போட்டேன்.

நாகப்பட்டினத்தில் வழியனுப்பப் போனேன். துறைமுக டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், அம்மை குத்திய புத்தகத்தைப் பார்த்தார். எங்கே இருமிவிடுவாரோ என்று நான் கம்பி வேலிக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருமவில்லை. படகில் ஏறிக் கப்பலுக்குப் போனார். எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்று என் மேலேயே வெறுப்பு வருகிறது.

முதல் சில மாதம் கடிதம் ஒழுங்காக வந்தது. பிறகு இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது, கோணல் எழுத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து. மறுபடியும் ரத்தம் வந்து பட்டறையில் விழுந்துவிட்டாராம். சீன முதலாளியே காரில் வைத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். படுக்கை, சாப்பாடு, மருந்து எல்லாம் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். என்னை யாரும் தீவுக்கு அனுப்பவில்லை, அட்டையைப் பிடுங்கவில்லை, சிவப்பு அட்டை நீல அட்டை என்று இங்கே வித்தியாசம் பார்க்கவில்லை, இதற்கா பயந்தோம் என்றும் எழுதியிருந்தார். அடுத்ததாக, கொடுக்கிற மருந்து கேட்க மாட்டேன் என்கிறது, ஊரில் என்ன ஊசி போட்டார்கள், என்னென்ன மாத்திரை, எத்தனை நாள் என்று டாக்டர் தினமும் கேட்கிறார், நோய் எந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று தெரிந்தால்தான் மாற்ற முடியுமாம், உடனே விசாரித்து எழுது என்று இருந்தது.

அன்றைக்கே ஓடினேன். தனியார் டாக்டர் நோட்டைப் புரட்டினார். ‘நெஞ்சுச் சளி’ இருந்தது. அவ்வளவுதான். ஊசி இன்னது என்று உறுதியாகச் சொன்னார். மாத்திரையை மூன்று தடவை மாற்றினேன், எதை எப்போது எத்தனை நாள் கொடுத்தேன் என்று இப்போது எப்படிச் சொல்வது, தினம் நூறு பேரைப் பார்க்கிறேன், குத்துமதிப்பாக எழுதினால் அங்கே தப்பான மருந்து கொடுத்துவிடுவார்கள் என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அங்கிருந்து நேரே தர்மாஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றேன். எங்கள் ஊர்க்காரி ஒருத்தி, என்ன பினாங்குக்காரர் சம்சாரம் இங்கே என்று கேட்டாள். அங்கிருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். போத்தல் இருக்கிறதா என்றார், ஒரு காலி மருந்துப் பெட்டியாவது இருக்கிறதா என்றார். எதுவும் இல்லை என்றேன். பிறகு, வீட்டில் யாருக்கு இருமல் என்று கேட்டு, மகளை அழைத்துவரச் சொன்னார். அவளுக்கும் நெஞ்சில் லேசாகக் கறை இருந்தது. கார்டு போட்டார்கள். பேர், ஊர், தகப்பன் பேர் எல்லாம் உரக்கக் கேட்டார்கள், நானும் உரக்கவே சொன்னேன். ஒன்றரை வருஷம் மாதாமாதம் போய் மாத்திரை வாங்கினேன். மகள் பிழைத்துக்கொண்டாள்.

அவருக்கு எழுத வேண்டிய கடிதத்தை மூன்று நாள் எழுதினேன். ஊசியின் பேரை மட்டும் எழுத முடிந்தது. மாத்திரைகளின் பேர் தெரியவில்லை, நோட்டில் எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான், சீட்டு வேண்டாம் என்றதும் நான்தான், போத்தல் முடிந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லவே இல்லை, அது என் பொய், என்னை மன்னிக்கவேண்டும் என்று எழுதினேன்.

பதில் வந்தது. வேறு யாரோ எழுதிக்கொடுத்திருந்தார்கள், கீழே அவர் கையெழுத்து மட்டும் இருந்தது.

“நீ சீட்டு வேணாம்னு சொன்னது எனக்கு அன்னைக்கே வெளியில கேட்டுச்சு. இன்னும் ஒரு வருஷம் மருந்து இருக்குன்னு கம்பவுண்டர் வெளியில வச்சே சொல்லிட்டான். நீ வந்து மாத்திச் சொன்ன. நானும் சும்மா இருந்துட்டேன். எனக்கும் கப்பலேறணும்னு இருந்துச்சு. உன்னைக் கூப்பிட்டுக்கணும்னு இருந்துச்சு. நீ மட்டும் அழுதுக்கிட்டு இருக்காத.”

அதற்கு அடுத்த மாதம் தந்தி வந்தது. காரியங்களை அங்கேயே கூட்டாளிகள் செய்துவிட்டார்கள்.

அந்தக் கடிதம் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. என் மகளே அப்படித்தான் சொல்கிறாள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. தெரிந்திருந்தும் வாயைத் திறக்கவில்லையே மனுஷன். அன்றைக்கு அந்த டாக்டர் வீட்டு வாசலில், போடி, உள்ளே போய்ச் சீட்டை வாங்கிக்கொண்டு வா என்று ஒரு அதட்டுப் போட்டிருந்தால் நான் போய் வாங்கிவந்திருப்பேன். ஏழு வருஷத்தில் என் கூட இருந்தது மொத்தம் பதினாறு மாதம், அதில் ஒரு நாள்கூட அவர் என்னை அதட்டியதில்லை.